கக்கூஸ்: ஒரு டச்சுச் சொல்லைப் பிரித்து எழுதுதல்

1

மதுரை பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நாள் காலையில் கேட்ட பேச்சு இது. 'கட்டணக் கழிப்பிடம்' என்று பலகையில் பெரிதாக எழுதியிருக்கிறது. கிராமத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டே கேட்கிறார்: "ஏப்பா, கக்கூஸ் எங்கிட்டு இருக்கு?" மேசை போட்டு உட்கார்ந்திருந்த பையன் சொல்கிறான்: "டாய்லெட்டா பெரியவரே? இந்தா, இங்கிட்டுத்தான். துட்டக் குடுத்துட்டு உள்ள போங்க."

ஒரே இடத்துக்கு மூன்று பெயர்கள். பலகைக்கு ஒன்று, பெரியவருக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று. இவற்றில் பலகையின் சொல் தமிழ், பையனுடையது ஆங்கிலம். ஆனால் 'கொச்சை', 'நாட்டுப்புறத்தான் பேச்சு' என்று நாம் ஒதுக்கும் பெரியவரின் சொல்தான் கடல் கடந்து வந்தது. கக்கூஸ் டச்சுச் சொல். பையன் கேட்ட துட்டும் டச்சுதான். 'டொய்ட்' என்ற செப்புக் காசின் பெயர். ஒல்லாந்தர் போய் ஏறத்தாழ இருநூறு வருஷம் ஆகிறது. அவர்கள் விட்டுப்போன காசும் கழிப்பிடமும் இன்றைக்கும் ஒரே வாசலில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

பள்ளிக்கூடத்தில் 'பிரித்து எழுதுக' என்ற கேள்விக்கு மார்க் வாங்கியே தமிழில் தேறியவன் நான். அந்தப் பழைய வித்தையை இந்தச் சொல்லின் மேல் செய்து பார்ப்பதுதான் இக்கட்டுரை. ஒரு கூட்டுச்சொல்லை எந்த இடத்தில் வெட்டுகிறோம், எந்த உறுப்பை அழுத்திச் சொல்கிறோம் என்பது இலக்கண ஆசிரியரின் கவலை மட்டுமல்ல, அதிகாரம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று எனக்குப் படுகிறது.

2

டச்சு, சொற்களை ஒட்டி ஒட்டி நீட்டும் மொழி. ஆங்கிலம் இடைவெளி விட்டு எழுதுவதை டச்சு ஒரே சொல்லாக எழுதிவிடும். தமிழ்க்காரனுக்கு இது அந்நியமில்லை. நம்முடைய சாரியை போல அவர்களுக்கும் உறுப்புகளுக்கிடையே ஓர் 'ஸ்' அல்லது 'என்' வந்து உட்காரும். நாம் வல்லினம் மிகுமா மிகாதா என்று சண்டை போடுவதைப் போல அவர்களும் 1995இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் இந்த இடையொலியை எங்கே போடுவது, எங்கே விடுவது என்று வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். பத்திரிகைகள் சில சேர்ந்து 2006இல் அரசு எழுத்துமுறைக்கு எதிராகத் தனி எழுத்துமுறையே வைத்துக்கொண்டன.

அசைபிரிப்பில் டச்சுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. தனிச்சொல்லை ஒலியைப் பார்த்துப் பிரிக்கலாம். கூட்டுச்சொல் என்றால் முதலில் பொருத்துவாயில்தான் வெட்ட வேண்டும், ஒலி பிறகுதான். தவறாக வெட்டினால் அர்த்தம் கெட்டுவிடும். 'மஸாஜ் கட்டில்' என்பதற்கும் 'கூட்டுப் பிரார்த்தனை' என்பதற்கும் டச்சில் எழுத்து ஒன்றேதான். 'மஸாஜ்' என்பதற்குப் பிறகு வெட்டினால் கட்டில், 'மஸா' என்பதற்குப் பிறகு வெட்டினால் பிரார்த்தனை. வாயில் சொல்லும்போது அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதை வைத்து இரண்டையும் பிரித்துக்கொள்வார்கள். நம் இலக்கணத்தில் தாமரையைப் பூவாகவும் தாவும் மானாகவும் காட்டிப் பொதுமொழி என்று பாடம் நடத்துவார்களே, அதுபோல.

அழுத்தத்துக்கும் ஒரு பொதுவிதி உண்டு. சொல் எவ்வளவு நீண்டாலும் முதன்மை அழுத்தம் பெரும்பாலும் முதல் உறுப்பில் விழும். ஆனால் சொல்லின் தலைமைப் பொருள் கடைசி உறுப்பில் இருக்கும். குரல் முன்னால் ஓங்குகிறது, பொருள் பின்னால் நிற்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை நண்பர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

கக்கூஸின் மூலம் 'கக்ஹொய்ஸ்'. கக் என்றால் மலம், ஹொய்ஸ் என்றால் வீடு. மலவீடு. அழுத்தம் 'கக்' மீது. இதே 'வீடு' வரும் இன்னொரு சொல் 'ஸ்டட்ஹொய்ஸ்', நகரவீடு, அதாவது நகர மன்றம். ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டில் மலாக்காவில் கட்டிய நகர மன்றம் இன்றும் அந்தப் பெயரோடு நிற்கிறது. இந்தச் சொல் விதிவிலக்கு. இதில் அழுத்தம் முதல் உறுப்பில் இல்லை, 'வீடு' மீது விழுகிறது. அதிகாரம் உட்கார்ந்த இடத்தில் கட்டிடத்தை அழுத்திச் சொல்கிறார்கள், மலம் கிடக்கும் இடத்தில் மலத்தை அழுத்திச் சொல்கிறார்கள். மொழியியலாளர் இதற்கு ஒலிவரலாறு சார்ந்த காரணம் சொல்லக்கூடும். நான் இதை நிரூபணமாக வைக்கவில்லை. வழியில் கண்ட ஒரு காட்சியாக மட்டும் வைக்கிறேன்.

3

ஒல்லாந்தக் கம்பெனி 1602இல் தொடங்கப்பட்டது. அதன் மூன்றெழுத்துச் சுருக்கம் வி.ஓ.சி. (தூத்துக்குடியில் இன்றைக்கு அந்த மூன்றெழுத்தைச் சொன்னால் ஜனங்கள் கப்பலோட்டிய சிதம்பரனாரைத்தான் நினைப்பார்கள். வரலாறு சில சமயம் நல்ல பழி தீர்க்கிறது.) பழவேற்காட்டில் 1610 வாக்கில் காலூன்றிய கம்பெனி, 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடி, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் மூன்றையும் பிடித்தது. மதுரையில் அப்போது திருமலை நாயக்கர் ஆட்சியின் கடைசி வருஷங்கள். கடற்கரையில் முத்துக்குளிப்பு, உள்நாட்டுச் சமவெளியில் நெசவு. இரண்டையும் நம்பித்தான் கம்பெனி நாயக்கரோடு பேரம் பேசியது. 1824 உடன்படிக்கைக்குப் பிறகு, 1825இல் தூத்துக்குடி முடிவாக ஆங்கிலேயர் கைக்குப் போனது.

இந்த இடைக்காலத்தில் எத்தனையோ டச்சுச் சொற்கள் கரையேறின. யாழ்ப்பாணத் தமிழில் கந்தோர், நொத்தாரிசு, லாச்சி என்று அலுவலகமும் பத்திரமும் மேசையும் தங்கின. நம் பக்கம் காசும் கழிப்பிடமும் தங்கின. கக்கூஸ் தமிழோடு நிற்கவுமில்லை. சிங்களத்தில் 'கக்குஸ்ஸிய', மலாய், இந்தோனேசிய மொழிகளில் 'காகுஸ்'. கம்பெனியின் கோட்டைகள் இருந்த கரைகளை வரைபடத்தில் கோடிட்டு இணைத்தால் இந்தச் சொல்லின் வழித்தடம் கிடைத்துவிடும்.

தமிழுக்கு வரும்போது சொல்லுக்கு என்ன ஆயிற்று? 'ஹ' விழுந்தது. அந்நிய எழுத்தைக் களைந்துவிட்டுச் சொல்லை ஏற்க வேண்டும் என்பது தொல்காப்பியர் காலத்து வழக்கம்தான். விழுந்த 'ஹ'வின் இடத்தில் ககரம் இரட்டித்தது. ஹொய்ஸ் என்பதன் ஈருயிர் நேரான 'ஊ' ஆயிற்று. பழைய டச்சு உச்சரிப்பிலும் சில வட்டார வழக்குகளிலும் அது இந்த ஊகாரத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆக, பொருத்துவாய் மறைந்துபோனது. டச்சுக்காரன் காதில் மலம், வீடு என்ற இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். நம் காதில் ஒன்றும் கேட்காது. கூட்டுச்சொல்லாகக் கிளம்பியது பகாப்பதமாக வந்து இறங்கியது.

தமிழ் யாப்பின் அசைபிரிப்பு டச்சுக்கு நேர் எதிரானது. அது பொருளைப் பார்ப்பதில்லை, குறிலையும் நெடிலையும் ஒற்றையும் மட்டுமே பார்க்கும். சொல்லைப் பொருளற்ற இடத்தில் வெட்டிச் சீர் பிரிப்பதற்கு வகையுளி என்று பெயரே வைத்து அனுமதித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் கக்/கூஸ் என்பது நேர்நேர், அதாவது தேமா. மலவீடு தமிழில் மாமரம் ஆனது இப்படித்தான். கழிப்பறையைப் பொருள் பார்த்துப் பிரித்தால் கழிப்பு+அறை; அசை பார்த்துப் பிரித்தால் கழிப்/பறை. இரண்டாவது பாதி காதில் எப்படி விழுகிறது என்று நண்பர் ஒருவர் என்னிடம் ஆவேசமாகச் சுட்டிக்காட்டினார். அது தற்செயல். தற்செயலான ஒலியிலிருந்து சாதியைப் பிடுங்கிக் காட்டும் விளையாட்டு நமக்கு வேண்டாம். சாதி இந்தச் சொற்களில் ஒலி வழியாக வரவில்லை. வேறு வழியாக, பின்வாசல் வழியாக வந்தது.

4

'எடுப்புக் கக்கூஸ்' என்று ஒரு சொல் இருந்தது. இன்றைய இளைஞர்கள் பலருக்கு இது தெரியாது. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும் கழிப்பறை வருவதற்கு முன் நகரத்து வீடுகளில் இருந்தது இதுதான். வீட்டின் பின்புறம் ஒரு சந்து. முன்வாசலில் நிற்கவும் அனுமதி இல்லாத ஒருவர் அந்தச் சந்து வழியாக வந்து, கையால் அள்ளி, கூடையிலோ வாளியிலோ எடுத்துப் போவார். மதுரை நகராட்சி 1866இல் அமைந்தது, மாநகராட்சி ஆனது 1971இல். இந்த நூற்றைந்து வருஷமும் ஊர் நாறாமல் இருந்ததற்குக் காரணம் அந்தச் சந்தில் நடந்தவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தெலுங்கு பேசும் அருந்ததியர்.

இப்போது 'எடுப்புக் கக்கூஸ்' என்பதைப் பிரித்து எழுதுங்கள். எடுப்பு+கக்கூஸ். எடுப்பது யார்? சொல்லில் இல்லை. எதை எடுப்பது? அதுவும் இல்லை. ('கக்' என்று டச்சில் இருந்தது, அதைத்தான் தமிழ்க் காது விழுங்கிவிட்டதே.) நம் இலக்கணம் இதைத் தொகை என்று அழைக்கிறது. தொகுதல் என்றால் ஒன்று சேர்தல். தொக்கி நிற்றல் என்றால் மறைந்து நிற்றல். சேர்வதும் மறைவதும் ஒரே வினையடியிலிருந்து வருவது யோசிக்கத்தக்கது. வேற்றுமைத்தொகை உருபை மறைக்கும். 'உருபும் பயனும் உடன்தொக்க தொகை' என்று ஒன்று உண்டு, அது செயலையும் சேர்த்து மறைக்கும். தண்ணீர்க்குடம் என்றால் தண்ணீரை உடைய குடம். 'ஐ' போயிற்று, 'உடைய' போயிற்று. குடத்தில் இது சிக்கனம். எடுப்புக் கக்கூஸில் இதே இலக்கணம் ஒரு மனிதரை மறைத்து வைக்கும் சந்தாக வேலை செய்கிறது. வீட்டின் பின்சந்தும் சொல்லின் பொருத்துவாயும் ஒன்றுதான். இரண்டிலும் யார் நடக்கிறார் என்று யாரும் பார்ப்பதில்லை.

எடுப்புக் கக்கூஸ் போய் 'கழிவுநீர்த் தொட்டி' வந்தது. கழிவு+நீர்+தொட்டி. 'கழிவுநீர்' என்பதில் தலைமைச் சொல் நீர். ஆகவே உள்ளே இறங்குகிறவர் ஏதோ தண்ணீருக்குள் இறங்குவதாக அர்த்தம். விஷவாயு சொல்லில் இல்லை. 2022 ஏப்ரலில் இதே மதுரையில், பழங்காநத்தத்தில், கழிவுநீரேற்று நிலையத் தொட்டியில் மூன்று தொழிலாளர்கள் மூச்சுத்திணறி இறந்தார்கள். செய்தித்தாள் தலைப்புகளில் 'கழிவுநீர்' என்றுதான் வந்தது.

5

தொமினிக் லபோர்த் என்ற பிரெஞ்சுக்காரர் 1978இல் மலத்தின் வரலாறு பற்றி ஒரு சிறிய புத்தகம் எழுதினார். 1539ஆம் வருஷத்தின் இரண்டு அரசாணைகளை அவர் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். ஒன்று, நீதிமன்ற மொழியிலிருந்து லத்தீனை அகற்றிப் பிரெஞ்சை நிறுவியது. சில மாதங்களில் வந்த இன்னொன்று, பாரிஸ்காரர்கள் தெருவில் கழிவைக் கொட்டக் கூடாது, வீட்டுக்குள் குழி வெட்ட வேண்டும் என்றது. மொழியைச் சுத்தம் செய்வதும் தெருவைச் சுத்தம் செய்வதும் ஒரே அரசின் ஒரே ஆசை என்பது அவர் வாதம்.

நமது சூழலுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். 1916இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் தனித்தமிழ் இயக்கத்துக்கு நாம் பட்ட கடன் பெரிது. மணிப்பிரவாளத்தின் பிடியிலிருந்து இந்த மொழியை மீட்டதில் அதன் பங்கை யாரும் மறுக்க முடியாது. அந்த மரபில்தான் 'கக்கூஸ்' போய்க் கழிப்பறை, கழிப்பிடம், கழிவறை எல்லாம் வந்தன. கேள்வி இதுதான்: சொல்லைக் கழுவிய வேகத்தில் வேலையைக் கழுவினோமா? பலகை மாறியது. பலகைக்குப் பின்னால் துடைப்பத்தோடு நிற்பவரின் சாதி மாறியதா?

தொழிலின் பெயரைப் பாருங்கள். தோட்டி என்றார்கள். பிறகு துப்புரவுப் பணியாளர். அண்மை ஆண்டுகளில் தூய்மைப் பணியாளர். துப்புரவு+பணியாளர், தூய்மை+பணியாளர். கடைசி இரண்டு மாற்றத்தில் மாறியிருப்பது முதல் உறுப்பு மட்டுமே. குரல் ஓங்கும் இடம் எதுவோ அதை மாற்றுகிறார்கள். பொருள் நிற்கும் இடம் அப்படியே இருக்கிறது. மேடையில் 'தூய்மை' என்று அழுத்திச் சொன்னால் கை தட்டலாம்; 'பணி' என்ன பணி, எத்தனை மணி நேரம், நிரந்தரமா ஒப்பந்தமா என்ற கேள்வியெல்லாம் அழுத்தம் இல்லாத அசைகளில் முணுமுணுப்பாகக் கரைந்துவிடுகிறது. காந்தி 'ஹரிஜன்' என்றபோதும் நடந்தது இதுதான். முன்னால் ஹரி வந்து நின்றார், ஜனம் இருந்த இடத்தில் இருந்தது.

உடனே ஒரு மறுப்பு வரும்: பெயர் மாற்றமே வேண்டாம் என்கிறாயா? இல்லை. எம்.சி. ராஜா போன்றவர்கள் போராடி, 1922இல் சென்னை மாகாண அரசை ஏற்க வைத்த 'ஆதிதிராவிடர்' என்ற கூட்டுச்சொல்லை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு உறுப்புகளையும் தேர்ந்தவர்கள், அந்தப் பெயரைச் சுமக்கப் போகிறவர்கள். சொல்லைக் கூட்டும் உரிமை யார் கையில் இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

சட்டமும் கூட்டுச்சொல்லின் இலக்கணப்படிதான் நடக்கிறது. 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொன்று. இரண்டும் 'கையால் மலம் அள்ளுதல்' என்பதைத் தடை செய்கின்றன. இங்கே அழுத்தம் 'கையால்' என்பதில். 2013 சட்டத்தின் வரையறையிலேயே, அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உடையோடும் மலத்தை அகற்றுபவர் 'கையால் அள்ளுபவர்' ஆகமாட்டார் என்று விளக்கம் இருக்கிறது. ஒரு ஜோடி கையுறை கொடுத்தால் முதல் உறுப்பு கழன்றுவிடும். மலமும் அள்ளுதலும் அங்கேயே கிடக்கும். சாக்கடை மரணத்துக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் 30 லட்சம் என்றது. செத்த பிறகு தொகை உயர்கிறது. (தொகை என்ற சொல்லின் இன்னொரு அர்த்தம் இது.)

ஒல்லாந்தர் நாட்டிலேயே 1967இல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டத்தின் பெயரில், நீளத்துக்குப் பேர்போன ஒரு டச்சுச் சொல் இருந்தது. உறுப்புறுப்பாகத் தமிழாக்கினால் 'வேலை - இயலாமை - காப்பீடு'. நடுவில் இரண்டு 'ஸ்' சாரியைகள். முதன்மை அழுத்தம் 'வேலை' மீது. வேலை செய்து உடம்பு முடியாமல் போனவருக்கு வருமானம் தரும் ஏற்பாடு அது. பின்னால் அதையும் வெட்டிக் குறைத்து, வேறு சட்டத்தால் மாற்றிவிட்டார்கள். அங்கேயும் சொர்க்கம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லைப் பிரித்தால் உள்ளே ஒரு தொழிலாளியின் உடம்பு தெரிகிறது. நம்முடைய 'தூய்மைப் பணியாளர்' என்பதைப் பிரித்தால் உடம்பு தெரியவில்லை, சோப்பு வாசனைதான் வருகிறது.

6

2017இல் மதுரையைச் சேர்ந்த திவ்யபாரதி மலம் அள்ளும் தொழிலாளர்கள் பற்றி ஆவணப்படம் எடுத்தார். அதன் பெயர் 'கக்கூஸ்'. பல இடங்களில் திரையிடப் போலீஸ் தடை போட்டது. பெயரைக் கொஞ்சம் நாசூக்காக வைத்திருக்கலாம் என்று சொன்ன நல்லவர்களையும் நான் கேட்டிருக்கிறேன். எனக்கென்னவோ அந்தத் தலைப்புதான் படத்தின் முதல் வெட்டு என்று தோன்றுகிறது. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிவைத்த சொல்லை எடுத்து, முகத்துக்கு நேரே வைத்தார். அதன் டச்சு மூலத்தில் முதல் அசையில் விழுந்த அழுத்தம் முன்னூறு வருஷம் கழித்துத் திரும்பக் கேட்டது.

தமிழில் டச்சைப் போல அசையழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. நாம் அழுத்த நினைத்தால் குரலை நம்புவதில்லை, சொல்லையே சேர்த்துவிடுவோம். ஓர் ஏகாரம், ஒரு 'தான்'.

அந்தக் காலைக்கே திரும்பிப் போகிறேன். பெரியவர் வெளியே வந்தார். நானும் துட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். வயதான ஓர் அம்மா வாளியும் துடைப்பமுமாகத் தரையைத் தள்ளிக்கொண்டிருந்தார். சட்டையில் 'தூய்மை' என்று ஏதோ அச்சடித்திருந்தது. கட்டுரைக்காரனின் அசட்டுத்தனத்தோடு, "இங்க என்ன வேலம்மா பாக்குறீங்க?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியலையாக்கும்? கக்கூஸத்தான் கழுவுறேன்."

இலக்கணம் படித்தவர்கள் அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கலாம். இரண்டாம் வேற்றுமை உருபு இருக்கிறது, தொகவில்லை. வினை இருக்கிறது. வினையின் முடிவில் செய்கிறவர் இருக்கிறார், 'ஏன்' விகுதியாக. அழுத்தம், எந்த இடத்தில் விழ வேண்டுமோ அந்த இடத்தில், 'தான்' என்று விழுந்திருக்கிறது.